வயர் இல்லாத ஹெட்செட்டும் மூன்றாம் மாடி அடிதடியும்

மூன்றாம் மாடி பஸ் டிரைவரம்மா சாயங்காலமானால் புருஷனைப் போட்டு அடிக்கிறாள் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. விசாரித்தால், அந்த நேரத்தில் புருஷன் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். அவள் அடிப்பதெல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டில்.

வயர் ஹெட்செட் இருந்தவரை உள்ளறையில் கட்டிப்போட்ட மாதிரி ஆடினாள். அந்த வயரில் புருஷன் தடுக்கி விழுந்ததால்தான் வயர் இல்லாதது வந்தது. அன்றிலிருந்து அவள் கோபத்துக்குக் கால் முளைத்துவிட்டது. ஆன்லைனில் கூட ஆடும் கூட்டாளி சொதப்பினால் பால்கனிவரை நடந்து கத்துவாள்: "ஓடப் பாக்குறான், விடாதே! பின்னாடி போய்க் குத்து!"

ஒரு பெண் கத்தினால் புருஷன்தான் அடி வாங்க வேண்டுமா? அப்படித்தான் என்று முடிவுகட்டிய கீழ்வீட்டு ரிடையர்டு ஆபீசர், வீட்டு ஓனரிடம் வத்திவைத்தார். காலி பண்ணச் சொல்ல இருவரும் ஏறி வந்தார்கள்.

"என் மேல ஒரு கீறல் இருக்கா, பாருங்க சார்," என்றார் புருஷன்.

"பயத்துல சொல்றார்," என்றார் ஆபீசர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெட்செட்டைக் கழற்றி ஆபீசர் தலையிலேயே மாட்டினாள். "அடி வாங்குறவன் யாருன்னு நீங்களே கேளுங்க!"

ஹெட்செட்டுக்குள்ளே ஒரு குரல் அலறியது: "அக்கா, எங்க போனீங்க? எல்லாரும் செத்துட்டோம்!"

வெளியே கசிந்த அலறலுக்கு வீட்டு ஓனர் சிரித்துவிட்டு இறங்கிப்போனார். வீடு தப்பியது.

இனி பால்கனிவரை நடக்கக் கூடாதென்று அவள் பழைய வயர் ஹெட்செட்டையே மாட்டினாள்.

"நான் மறுபடி விழுந்தா?"

"விழுங்க. அடி பட்டு ஊர் பேச்சு உண்மையாகட்டும்."

ஆபீசர் தரவேண்டிய ஒரு 'மன்னிச்சிடும்மா' மட்டும் இன்னும் வந்தபாடில்லை.