நெடுந்தீவுக்குச் சும்மா ஒரு பயணம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பாதையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வழிகாட்டியாக இருக்கிறேன். வேனில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மிளகுக் கொடியைக் காட்டுவேன், கறுவாப் பட்டையைச் சுரண்டி மணக்கக் கொடுப்பேன், சாதிக்காயைப் பிளந்து உள்ளே சுற்றியிருக்கும் சிவப்புப் பின்னலை விரித்துக் காட்டுவேன். கடைசியில் கொக்கோ மரத்தடி வாங்குப் பலகையில் உட்காரவைத்து இஞ்சித் தேநீர் கொடுப்போம். அப்போது, "அடுத்து எங்கே?" என்று கேட்பது என் வழக்கம். சிகிரியா, கண்டி, எல்ல என்று எல்லோரும் சொல்வதைத்தான் சொல்வார்கள்.

போன வருடம் வந்த ஒரு வயதான தம்பதி, வடக்கே யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவு என்றார்கள். இரண்டாவது தடவையாகப் போகிறார்களாம். முதல் தடவை அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் யோசித்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "நாம் என்ன செய்தோம்?" என்றார். அந்த அம்மாவுக்கும் ஞாபகம் வரவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வேனில் ஏறிப் போனார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குள் தங்கிவிட்டது. இத்தனை வருடமாக மற்றவர்களின் விடுமுறைக்குள்தான் நான் வேலை செய்து வருகிறேன். எனக்கென்று ஒரு விடுமுறையை எடுத்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பள்ளிக்கூடச் சீருடைக்கு நீலத்துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நெடுந்தீவுக்கு ஒருதரம் போய்ட்டு வருவமா?"

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"கோயிலா?"

"இல்ல. சும்மா போய் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வரலாம்."

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடும்பங்களில் பயணம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கல்யாணம், சாவு, திருவிழா, ஆஸ்பத்திரி. கடலுக்கு நான் போனதே ஒரு தடவைதான், சின்ன வயதில் தோட்டத்து ஆட்களோடு பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு. கோயிலைக் கும்பிட்டு, வீதியோரத்தில் சோறாக்கிச் சாப்பிட்டு, உடுத்த உடுப்போடு முழங்கால்வரை தண்ணீரில் நின்றுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். கடலைப் பார்த்தோம் என்று சொல்லலாம். கடலோரத்தில் இருந்தோம் என்று சொல்ல முடியாது.

இரண்டு வாரம் கழித்து, சோற்றைப் பரிமாறிக்கொண்டே அவளாகவே கேட்டாள். "அந்தத் தீவுல தங்குறதுக்கு எடம் இருக்கா?"

நெடுந்தீவில் வீட்டின் ஒரு பக்கத்தை வாடகைக்குக் கொடுக்கும் ஓர் அம்மாவின் நம்பரை ஒரு வேன் டிரைவரிடம் கேட்டு வாங்கினேன். பேசும்போது மனைவியும் கேட்கட்டும் என்று போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"எத்தினை பேர் வாறியள்?" என்றார் அந்த அம்மா.

"ரெண்டு பேரு தாங்க. நானும் வீட்டுக்காரியும்."

"என்ன அலுவலா வாறியள்?"

மனைவி குனிந்து, "சும்மாதாங்க வர்றோம்" என்றாள்.

"சும்மாவோ? வாங்கோ. கடையள் கனக்க இல்லை. மீன் இருக்கு, சோறு தருவன். தண்ணி கொஞ்சம் உவர்ப்பு."

"பாக்குறதுக்கு என்னங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"குதிரையள் நிக்குது. மற்றது, கடல் கிடக்கு."

போனை வைத்ததும் மனைவி சிரித்தாள். 'கடல் கிடக்கு' என்ற பேச்சு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. துணி வெட்டும்போது அதை இரண்டு தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

காற்று அடங்கியிருக்கும் பங்குனி மாதத்தில் போவது என்று முடிவு செய்தோம். நான் திட்டம் போட ஆரம்பித்தேன். தொழில் புத்தி போகுமா? காலையில் கடற்கரை, பிறகு பழைய கோட்டை, மத்தியானம் அடி பருத்த பெருக்கு மரம், சாயங்காலம் குதிரைகள் என்று ஒவ்வொரு பொழுதுக்கும் ஒன்றை வைத்தேன். சும்மா இருக்கப் போகிறவன் ஒரு மணி நேரத்தைக்கூடச் சும்மா விடவில்லை. சுற்றுலாக் கம்பெனிக்காரன் கையில் கொடுத்தால் அப்படியே அச்சடித்திருப்பான்.

இதற்குள் விஷயம் இரத்தோட்டைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு தோட்டத்தில் என் மனைவியின் அக்கா இருக்கிறார். எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷத்தையும் முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். போனால், பயணம் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. வேன் பேசியாகிவிட்டது. நயினாதீவு அம்மனுக்கு அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. நல்லூர், கீரிமலை, செல்வச்சந்நிதி என்று கோயில்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் நெடுந்தீவு. எங்கள் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கும் சொல்லியிருந்தார்.

"ஒரே செலவுல எல்லாத்தையும் பாத்துட்டு வந்துறலாம்" என்றார் அக்கா. எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. அவர் எங்கள் கல்யாணத்தையே நடத்தி வைத்தவர். தலையை ஆட்டிக்கொண்டு கோழிக்கறியைப் பிசைந்தேன்.

என் மனைவிதான் பேசினாள். "அக்கா, நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வாங்க. நாங்க வேற நாளுல போறோம்."

"ஏன்டி? எங்களோட வர்றதுக்கு வெக்கமா?"

"அப்படியில்லக்கா."

"பொறகு? ரெண்டு பேரும் தனியா போயி அங்க என்னத்தப் பண்ணப் போறீங்க?"

மனைவி தட்டிலிருந்து கையை எடுத்தாள். "இவரு நாள் முழுக்க வெள்ளக்காரங்களோட பேசுறாரு. வீட்டுக்கு வந்தா சோறு கேக்கத்தான் வாயத் தொறக்குறாரு. நானும் மெஷினோடயே இருக்கேன். மகளையும் கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுல இப்ப நாங்க ரெண்டு பேரு தான். வேல ஒண்ணும் இல்லாத எடத்துல இருந்தா நாங்க என்ன பேசுவோம்னு எனக்குத் தெரியலக்கா. அதத் தெரிஞ்சிக்கணும்னு இருக்கு."

என் காது சுட்டது. அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் பேசியிருப்பேன். துணியின் அளவைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவள் தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைத்தார். "சரி, போய்ட்டு வாங்க. போன் பண்ணு" என்றார். அதற்குப் பிறகு பேச்சு சம்பந்தி வீட்டுப் பக்கம் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகும் வழியில், அவளோடு என்ன பேசுவது என்று யோசித்தேன். மகளைப் பற்றிப் பேசலாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூரைத் தகடு மாற்றுவது பற்றிப் பேசலாம். அதற்கு நெடுந்தீவு வரை போக வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஆட்களிடம் மிளகையும் கராம்பையும் பற்றி மூச்சு விடாமல் பேசுகிற எனக்கு, கூடவே வாழ்கிறவளிடம் பேச ஒரு தொடக்கம் அகப்படவில்லை.

பங்குனியில் போனோம். யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, படகில் ஏறினோம். எனக்குப் படகில் தலை சுற்றியது. அவள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் முகத்தில் அடிக்க, வசதியாக நின்றாள்.

முதல் நாள் சாயங்காலமே நான் தொடங்கிவிட்டேன். பவளக்கல் வேலிகளைக் காட்டி, இவை சாந்து பூசாமல் அடுக்கப்பட்டவை, குதிரைகள் அந்தக் காலத்தில் கொண்டுவரப்பட்டவை என்று விளக்கிக்கொண்டே நடந்தேன்.

"ஏங்க, நான் என்ன வெள்ளக்காரியா?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். கரையில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். அலை பெரிதாக இல்லை. இது அவளுக்கு முதல் கடலாயிற்றே என்று நினைத்து, "எப்படி இருக்கு கடல்?" என்று கேட்டேன்.

"நீர்கொழும்புக் கடல் மாதிரி இல்ல. அது சத்தம் போடும்" என்றாள்.

"நீர்கொழும்புக்கு நீ எப்பப் போன?"

"கட்டுநாயக்கவுல கார்மன்ட்ல இருந்தப்ப. லீவு கெடைக்கிற ஞாயித்துக்கிழமையெல்லாம் போவோமே."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தது எனக்குத் தெரியும். பெண் பார்க்கும்போதே சொன்னார்கள். அங்கே எப்படி இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கடலை அவளுக்குக் காட்டப் போகிறேன் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன். அவளோ கடலோரத்தில் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவள்.

"யாரோட போவ?"

ஒரே அறையில் தங்கியிருந்த பெண்களைப் பற்றிச் சொன்னாள். அநுராதபுரத்துச் சிங்களப் பெண் ஒருத்தி நீந்துவாளாம். அவள்தான் இவளை இடுப்பளவு தண்ணீருக்குள் இழுத்துப்போய், மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்தாளாம்.

"ஒனக்கு மெதக்கத் தெரியுமா?"

"அப்பத் தெரியும். இப்பத் தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "பாக்கவா?" என்றாள்.

கரையில் எங்களைத் தவிர யாருமில்லை. சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் நெடுந்தூரத்துக்கு முழங்காலளவுதான் இருந்தது. நடந்துகொண்டே போனாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவள் பின்னால் போனேன்.