வாய் அசையாமல் பேசிய பெண்

சேலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், ஒருமுறை வீடியோவில் பார்த்துப் பேசிவிடலாம் என்று முடிவானது. அல்சூரில் எங்கள் வீடு சந்துக்குள் சந்து. மொபைல் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். அதனால் எல்லாமே அப்பாவின் பழைய ரவுட்டரை நம்பித்தான். சில வாரங்களாக அதற்கு ஒரு விசித்திர நோய்: வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகாது. அப்பா கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் சண்டை போட்டார். தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

பட்டுப்புடவை கட்டி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அவர்கள் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா படிப்பைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். சமையலைப் பற்றிக் கேட்டார், கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. கடைசியில் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, இந்தப் பொண்ணு வாயே அசைக்காம எப்படிடா பேசுது?"

அங்கே என் படம் தொடக்கத்திலேயே உறைந்துவிட்டிருந்தது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து. தும்மல் வரும்போது நான் அப்படித்தான் இருப்பேன் என்று அம்மா அவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னாள்.

அப்பா ரவுட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி இணைந்து, மறுபடி உறைந்தேன். அப்பா அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளை அப்போதுதான் என்னிடம் கேட்டார்.

"குரல் வருது, படம் நிக்குது. போட்டோ அனுப்பினாலும் இப்படித்தான் நிக்குமா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ பெருசா போறது மட்டும்தான் வழியில மாட்டுது. ரவுட்டர் செட்டிங்ஸைத் திறங்க."

திறந்தேன். நாம் அனுப்புவதை ரவுட்டர் துண்டு துண்டாக அனுப்புமாம். எங்கள் ரவுட்டரின் துண்டு கொஞ்சம் பெரிது. வழியில் இருக்கும் கருவிகள் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுமாம். துண்டின் அளவைச் சொல்லும் எண்ணைத் தேடிக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். இணைப்பு போய்த் திரும்ப வந்தது.

"இப்போ சிரிங்க."

சிரித்தேன்.

"அசையுது," என்றார் அவர் அம்மா, மிகுந்த நிம்மதியோடு.

அடுத்த வாரம் நேரில் வந்தார்கள். காபி வருவதற்குள் அப்பா மாப்பிள்ளையை நேராக ரவுட்டர் இருந்த அலமாரிக்கு அழைத்துப் போய்விட்டார். இருவரும் திரும்பி வருவதற்குள், எனக்குச் சம்மதம் என்று சமையலறையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.