1895 என்று பொறித்த சைகோன் வெள்ளி

"2019 ஆகஸ்டு 11, ஞாயிறு. தருமபுரம், மதலேன் அம்மாள் வீடு. சைகோன் வெள்ளிக்காசு ஒன்று. ஆண்டு 1895. எடை 26.8 கிராம். முடிவு: போலி."

என் நாட்குறிப்பில் என் கையெழுத்தில் உள்ள வரிகள் இவை. இந்த முடிவுக்கு நான் சொன்ன காரணம் தவறு. தவறென்று இரண்டே மாதத்தில் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

காரைக்காலில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். பிரெஞ்சுக்காரர் காலத்து ஏடுகளில் ஒரு தேதி பிசகினால் ஒரு குடும்பத்தின் குடியுரிமையே பிசகிவிடும். ஆகவே தேதி என்றால் எனக்குத் தெய்வம் மாதிரி. ஓய்வு பெற்றபின் ஊர்ச் சங்கதிகளை ஆண்டுவாரியாகக் குறித்து வைப்பதே என் பொழுது. பழைய காசு, பழைய பத்திரம் எது கிடைத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு எவ்வளவு கர்வம்!

மதலேன் அம்மாளின் தகப்பனார் வியட்நாமில், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். திரும்பி வரும்போது ஒரு பெரிய வெள்ளிக்காசு கொண்டு வந்தார். அந்தக் குடும்பத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில், கோயிலிலிருந்து வீடு திரும்பியதும் அதன் உள்ளங்கையில் அந்தக் காசை வைத்து மூடுவார்கள். அவர் சாகும்போது காசை மகளிடம் கொடுத்து, "உங்க அண்ணன் பிள்ளைங்களுக்கும் நீதான் வைக்கணும்" என்றாராம்.

அன்றைக்கு அண்ணன் லூயியின் பேத்திக்கு ஞானஸ்நானம். பிள்ளையின் தகப்பன் பிரான்சிலிருந்து வந்தவர். செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் காசில் போலிகள் ஏராளம் என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். வீடு சந்தேகத்தில் இறங்கிவிட்டது. எனக்கு ஆள் வந்தது.

சின்னத் தராசு, காந்தம், பூதக்கண்ணாடி எல்லாவற்றோடும் போனேன். காந்தத்தில் ஒட்டவில்லை. சுண்டினேன்; நீண்டு, நடுங்கி, மெல்ல அடங்கியது ஒலி. விளிம்பின் வரிகள் ஒழுங்காக இருந்தன. ஐஸ் கட்டியை மேலே வைத்தால் கண்ணெதிரே உருகியது. கையும் காதும் வெள்ளி என்றன!

பிறகு எழுத்தைப் படித்தேன். காசின் எடை 27 கிராம் என்று அதிலேயே பொறித்திருந்தது. 1895 வரை வந்த காசுகளில் 27.215 என்றிருக்கும், 1896 முதல்தான் வெறும் 27 என்பது என் குறிப்பு. ஆலய விழா மலர் ஒன்றில் கட்டுரையாகவும் எழுதியிருந்தேன். அப்படியானால் 1895இல் 27 எப்படி வரும்?

"போலி" என்றேன்.

"சார், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சத்தம் நல்லாத்தானே வந்துச்சு?" என்றார் மதலேன் அம்மாள்.

"சத்தம் ஏமாத்தும்மா. வருஷம் ஏமாத்தாது."

இதைச் சொன்ன வாய் இதுதான்!

லூயி காசை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "அப்ப நெசக் காசு எங்க போச்சு?" என்றார்.

"என்னண்ணே கேக்குற? அப்பா குடுத்தது இதான்."

"அப்பா போலிக்காசு வச்சிருந்தாரா? ஒன் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்ண பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது."

"மாதா மேல ஆணையா சொல்றேண்ணே..."

"அத மாதாகிட்டயே போய்ச் சொல்லு."

பிரியாணி ஆறிக் கிடந்தது. யாரும் கை வைக்கவில்லை. நான் என் தராசைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். எடையும் ஒலியும் வேறு சொல்கின்றன, இன்னொருவரிடம் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த ஞாயிறு மதலேன் அம்மாள் அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டார்.

அக்டோபரில் ஒரு நாணயப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1895 என்ற எண்ணுக்கு எதிரே இரண்டு வரிகள். அந்த ஓராண்டில் மட்டும் இரண்டு எடையிலும் காசுகள் அச்சாகியிருக்கின்றன! பழையது 27.215, புதியது 27. நான் எப்போதோ பிரதி எடுத்தபோது இரண்டாவது வரியை விட்டிருக்கிறேன். என் கட்டுரையும் தவறு, என் தீர்ப்புக்கு இருந்த ஒரே ஆதாரமும் தவறு.

அன்று மாலையே போயிருக்கலாம். நடந்தால் ஐந்து நிமிடம். ஏன் போகவில்லை? அண்ணன் தங்கை பிரிந்ததைவிட, அச்சில் வந்த என் வரி பொய்யாவது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன்... இல்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சொல்லிவிடத்தான் போனேன். தகப்பனாரின் கல்லறைக்கு லூயி காலையிலேயே வந்திருந்தார். தங்கை வெயில் தாழ்ந்து வருவாராம். ஒரே கல்லறைக்கு இரண்டு நேரம். என்னைப் பார்த்ததும் லூயி சிரித்தார்.

"என்ன சார், இங்கயும் தேதி குறிக்க வந்துட்டீங்களா?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்!

2021இல் லூயி போய்விட்டார். தொற்றுக் காலம், நாலைந்து பேர்தான் உள்ளே போகலாம். மதலேன் அம்மாள் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை.

இது மட்டுமென்றால் கோழைத்தனம் என்று முடித்துவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது.

போன மாதம் கடைத்தெருவில் அந்த அம்மாள் என்னை நிறுத்தினார். "சார், ஒண்ணு கேக்கணும். நான் மாத்தல. அது எனக்குத் தெரியும். அப்ப, அங்க சைகோன்லயே யாராச்சும் எங்க அப்பாவ ஏமாத்திருப்பாங்களோ?"

ஐந்து வருடமாக யோசித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கண்டுபிடித்த ஒரே வழி அது. உண்மை என் நாக்கில் இருந்தது...

"இருக்கலாம்மா" என்றேன்.

"பாவம், அப்பா. வெள்ளந்தி" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கேட்டீர்களா? உயிரோடிருப்பவரைத் திருடியாக்கினேன். செத்தவரை ஏமாளியாக்கினேன். என்னைத் திட்டுங்கள் என்று கேட்கக்கூட எனக்குக் கூசுகிறது.

கோயில் அலுவலகத்தில் விசாரித்தேன். செல்லாத காசுகளை எப்போதாவது மொத்தமாக எடைக்குப் போடுவதுண்டாம். இந்தக் காசு அதில் போனதா என்று கணக்கருக்கு நினைவில்லை. அப்போதிருந்த பங்குச் சாமியார் மாற்றலாகிவிட்டார். அவருக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அதன் படம் யாரிடமும் இல்லை. எடையில் குறைந்த 0.2 கிராம் தேய்மானமா, கலப்படமா என்பதை இனி எவரும் சொல்ல முடியாது. அந்தக் காசு நிஜமா, போலியா? இன்றைய தேதி வரை சரிபார்க்கப்படவில்லை.