சாய்ந்து நின்ற ஷெட்

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் முத்துக்கருப்பன் தச்சு வேலை பார்த்தான். அவன் மனைவி செல்வலட்சுமிக்கும் அங்கேயே வேலை.

அன்று மழை விட்டதும் பலத்த காற்று அடித்தது. சரக்கு எடுக்கத் தகர ஷெட்டுக்குள் போன செல்வலட்சுமிக்கும் அவளோடு வேலை பார்த்த வீரலட்சுமிக்கும் பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பிறகு தள்ளியும் இழுத்தும் அசையவில்லை. உள்ளே கூரை வரை பட்டாசுப் பெட்டிகள்.

செய்தி கேட்டு ஓடிவந்த முத்துக்கருப்பன் கதவு நிலையை டேப்பால் அளந்தான். மேலும் கீழும் ஒரே அகலம். இரு பக்கமும் ஒரே உயரம்.

"நிலை சரியாத்தான் இருக்குண்ணே. மழையில மரம் ஊதிருச்சு."

"அப்ப கடப்பாரைய எடுத்துட்டு வாங்கலே," என்றார் போர்மேன் மாரிசாமி.

கடப்பாரை தகரத்தில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும். முத்துக்கருப்பன் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னல் கம்பி வலைக்குப் பின்னால் செல்வலட்சுமியின் முகம் தெரிந்தது. அந்தச் சின்ன ஜன்னலைச் சதுரமாக அடித்தவன் அவன்தான். இப்போதும் நான்கு பக்கமும் சமம்தான். ஆனால் மூலைகள் சரிந்து, சதுரம் சாய்சதுரமாகியிருந்தது.

ஜன்னல் சாய்ந்தால் கதவு மட்டும் நேராகவா நிற்கும்? கதவு நிலையின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருப்பதால் அது இணைகரம் என்று சொல்லலாம். செவ்வகமும் இணைகரம்தான். ஆனால் இணைகரமெல்லாம் செவ்வகமாகிவிடாது. மூலைக்கு மூலை அவன் அளக்கவே இல்லை.

"கடப்பாரை வேண்டாம்ணே. கொஞ்சம் பொறுங்க."

இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கயிற்றைப் பிடித்து அளவு வைத்தான். மற்ற இரு மூலைகளுக்கு நடுவே அந்த அளவு எட்டவில்லை. காற்று ஷெட்டையே வலப்பக்கம் சாய்த்திருந்தது.

"ரெண்டு பேரும் நடுவுல நில்லுங்க. எதையும் தொடாதீங்க," என்றான் ஜன்னலருகே போய்.

"ஏன் இம்புட்டு மெதுவாப் பேசுறீக?" என்றாள் செல்வலட்சுமி.

அவன் சவுக்குக் கம்பு எடுக்கப் போனான். வலப்பக்க மூலைத் தூணின் உச்சியில் சவுக்குக் கம்பை முட்டுக்கொடுத்து நான்கு பேர் மெல்லத் தள்ளினார்கள். மரம் முனகியது. இரண்டு குறுக்களவையும் மறுபடி பார்த்தான். இன்னும் வித்தியாசம் இருந்தது.

"இன்னுங் கொஞ்சம். மெதுவா."

இரண்டும் சமமானபோது கதவு தானாகவே இளகிக்கொடுத்தது. முதலில் வீரலட்சுமி வந்தாள். செல்வலட்சுமி வெளியே வந்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முத்துக்கருப்பனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மாரிசாமி ஷெட்டைக் காலி செய்யச் சொன்னார். முத்துக்கருப்பன் நான்கு சுவரிலும் மூலைக்கு மூலை குறுக்குக் கட்டை அடித்தான். இரண்டு நாள் கழித்துச் செல்வலட்சுமி வேலைக்குப் போனாள், வேறு ஷெட்டுக்கு.