குடை பிடித்தவரின் முகம்

பெஹாலா குவார்ட்டர்ஸில் வங்காளிகள் அலமுவை ‘படம் போடும் மெட்ராஸி பௌதி’, அதாவது அண்ணி, என்பார்கள். அச்சில் வந்த ராஜபுத்திர ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டது. குதிரைமேல் ராஜா, பக்கவாட்டு முகம், தலைக்குப் பின்னால் பொன் வட்டம். கீழே குடையும் சாமரமும் ஏந்தி ஓடும் ஆட்கள். அந்த ஆட்களைச் சின்னதாகத்தான் வரைய வேண்டும், ராஜாவின் முழங்காலுக்கு மேல் அவர்கள் தலை வரக்கூடாது.

கணவர் சிவராஜ் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் கிளார்க். ஒரே மகள் மதுவந்தி. அந்த ராகத்தின் பெயரை வைத்தபோது அவளுக்குக் காது கேட்காது என்று தெரியாது. உதட்டைப் பார்த்துத் தமிழ் பேசக் கற்றுத்தரும் பள்ளி சென்னையில் இருந்தது. ஆறு வயதில் அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். 1996இல் சிவராஜுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. ஆனால் மேலதிகாரி மஹாதேவன் ரிலீவ் செய்தால்தான் கிளம்ப முடியும். கோடை போய் மழையும் வந்துவிட்டது. அவர் செய்யவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மனைவி கோமதி ஒரு போட்டோவுடன் வந்தாள்.

“எங்க கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆறதுடி. இவரைக் குதிரைமேல ராஜாவாட்டம் போட்டுத் தாயேன். தொந்தி மட்டும் தெரியப்படாது.”

“போட்டுடலாம் மாமி.”

“கீழ குடையோட ஒருத்தன் ஓடுவானே, அவனுக்கு உங்காத்துக்காரர் மூஞ்சிய வை. ஆபீஸே சிரிக்கும்!”

அலமு கணவரைப் பார்த்தாள்.

“வரை அலமு. இதுல என்ன?” என்றார் சிவராஜ். கோமதி போனதும் குரலைத் தாழ்த்தினார். “சிரிச்ச சூட்டோட கையெழுத்துப் போட்டுருவாரு. பாப்பாகிட்ட போயிரலாம்.”

ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டி, ஆபீஸ் குடையை உயர்த்தி, ஒரு காலைத் தூக்கி நின்றார்.

“இன்னும் குனிங்க.”

குனிந்தார்.

“வாயத் தெறங்க. ஓடுறவனுக்கு மூச்சு வாங்கும்ல.”

திறந்தார்.

வெள்ளைக் குதிரை நன்றாக வந்தது. கால்களுக்கு மருதாணிச் சிவப்பு. மஹாதேவனின் முகம் முத்துமாலைக்கு மேல் போட்டோவாகவே நின்றது. உயிரோடு வந்தது சிவராஜின் முகம்தான்: துருத்திய கன்ன எலும்பு, எஜமானை அண்ணாந்து பார்க்கும் கண், திறந்த வாய். அவள் அதுவரை வரைந்த முகங்களில் அதுவே சிறந்தது. கொஞ்சம் மழுக்கிவிடலாம் என்று தூரிகையை எடுத்தாள். கெடுக்க மனம் வரவில்லை.

டாலிகஞ்சில் ஒரு ஹாலில் விழா. பூஜை விடுமுறைக்கு வந்திருந்த மதுவந்தியும் புதுப் பாவாடையில் போனாள். படத்தின் மேலிருந்த திரையை விலக்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். மஹாதேவன் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

“அடடே, நம்ம சிவராஜ்! இங்க வாய்யா, படத்துக்குப் பக்கத்துல நில்லு. அதே மாதிரி வாயத் தெற.”

சிவராஜ் திறந்தார். ஹால் அதிர்ந்தது. அவரும் சிரித்தபடி, “சார், அந்த ரிலீவிங் ஆர்டர்...” என்றார்.

“இப்படி ஒரு குடைக்காரனை அனுப்பிட்டு நான் வெயில்ல நிக்கவா? நான் ரிடையர் ஆறவரைக்கும் நீ இங்கதான்!”

விளையாட்டாகச் சொன்னதையும் அவர் மாற்றிக்கொள்வதில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் அது தெரியும். சிவராஜ் சிரிப்பதை நிறுத்தவில்லை.

மதுவந்தி கூட்டத்தில் நுழைந்து படத்தின் முன்னால் வந்து நின்றாள். ராஜாவைப் பார்த்தாள். பிறகு குதிரையின் காலருகே விரலை வைத்தாள். டீச்சரின் தொண்டையில் கைவைத்து இரண்டு வருடமாகப் பழகிய சொல் அது.

“அப்பா.”

அலமு அதைத் தெளிவாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“குழந்தைக்கே தெரியறது பாருங்கோ!” என்றாள் கோமதி. ஹால் மறுபடி சிரித்தது. மதுவந்திக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை, பற்கள் தெரிந்தன. சொல் சரியாக வந்தால் பள்ளியிலும் எல்லோரும் இப்படித்தான் பல் தெரியச் சிரிப்பார்கள். அதனால் இன்னும் பலமாகச் சொன்னாள்.

“அப்பா! அப்பா!”

அலமு ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.