மழைக்குடுவையும் மரவள்ளியும்

மழை அளக்கிற வேலையில் சரக்குக்குத் தட்டுப்பாடே கிடையாது, அரிசிக்குத்தான். வெயிலிலும் மழையிலும் சம்பளத்துக்காக நின்றவர்களே, உங்களுக்குப் புரியும். ஜப்பான்காரன் ஆட்சியில் மலாக்காவின் காஜா பேராங்கில், மழைக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலு கிராணிக்கு நான் கையாள். ஊரில் யார் குரலும் எனக்கு வரும், கிராணியின் இருமல் உட்பட.

தோக்கியோ மணி

ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கிராணி மட்டும் பழைய நேரத்திலேயே மழைக்குடுவையையும் வெப்பமானியையும் பார்ப்பார். "தோப்பெல்லாம் வீடாகுது. ஊர் சூடாகுதா, மழை குறையுதான்னு தெரியணும்னா வருஷக்கணக்கா அதே இடம், அதே நேரம்" என்பார். ஒருநாள் வேலிக்குப் பின்னால் ஒளிந்து, ஜப்பான் அதிகாரி குரலில், "கிராணி! மணி தப்பு!" என்று உறுமினேன். அவர் திரும்பக்கூட இல்லை.

"எந்தத் துரை, எந்தத் துவான் குரல்ல கத்தினாலும் சூரியன் நகராதுடா."

வாழை இலை

ராத்திரி பேய்மழை. காலையில் பார்த்தால் குடுவை காய்ந்து கிடக்கிறது! பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மா அதன் வாயில் வாழை இலையை வைத்துக் கட்டியிருந்தார். "வாளித் தண்ணியைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுடலாம் ஐயா" என்றேன். கிராணி 'அளக்கவில்லை' என்றே எழுதினார். பிறகு, இனி மூட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் பணிவாகச் சொன்னார். தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம், அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது, மலாயில் படபடத்தார்:

"பாவம், உள்ளே தண்ணி போயிடுமேன்னுதானே மூடினேன்!"

கிழங்கு உத்தரவு

காலி நிலமெல்லாம் மரவள்ளி நட வேண்டும் என்று உத்தரவு. அதிகாரி எங்கள் புல்தரையைப் பிரம்பால் காட்டினார். மரவள்ளி ஆள் உயரம் வளரும், இலை மழையைத் தட்டிவிடும், இத்தனை வருஷத்து அளவும் அதோடு அறுந்துவிடும். மறுத்தாலோ அறை விழும். அதிகாரி குரலிலேயே உத்தரவை ரத்து செய்யலாம் என்று நான் வாயெடுத்தேன். கிராணி என் வாயைப் பொத்திவிட்டு, இடுப்பு வளையக் குனிந்தார்.

"சர்க்கரைவள்ளி நடுறேன் துவான். கொடி தரையிலேயே படரும். மழை நேரா குடுவைக்குள்ள விழும்."

அதிகாரி குந்தி உட்கார்ந்து குடுவைக்குள் எட்டிப் பார்த்தார். "கிழங்கு சிறுத்தா குடுவையைப் பிடுங்குவேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அறுவடைக்குச் சரியாக வந்தார். அவரே ஒன்றைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, கையில் எடை பார்த்தார்.

"நல்ல மழை!"

மலாக்கா சூடாகிறதா என்று நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால், பெருமையில் பாதி கிராணிக்கு, கால்வாசி சர்க்கரைவள்ளிக்கு, மிச்சம் வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு.