ஓஸ்மோனின் பங்கு

தெமிர்குல் முதன்முதலில் எங்கள் நாரின் மலைக்கு வந்தபோது அவன் பூட்ஸ் வாயைப் பிளந்திருந்தது. தங்கச் சுரங்கக்காரன் எங்கள் மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு வளைத்திருந்தான். எங்களுக்காகக் காசு வாங்காமல் வாதாட வந்த ஒரே வக்கீல் இவன்தான். "நிலம் மேய்க்கிறவனுக்கே!" என்று கோர்ட் வாசலில் கத்தி, போலீஸ் அடியில் ஒரு பல்லையும் இழந்தான். தம்பி மாதிரி எங்கள் கூடாரத்திலேயே கிடந்தான்.

வேலியைப் பிடுங்க வைத்தான். அன்றைய விருந்தில் நரைத்த தாடிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, என் புருஷன் ஓஸ்மோன் ஆட்டின் இடுப்பெலும்பை எடுத்து இந்தப் பொடியன் கையில் கொடுத்துவிட்டார். சபையில் மூத்தவருக்குப் போகிற எலும்பு அது! பெரியவர்கள் முகம் கடுத்தது. அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு அதுதான்.

எங்கள் ஓட்டில் எம்.பி. ஆனான். கொஞ்ச நாளில் வேலி திரும்ப வந்தது. இவன் சொல்லித்தான் ஓஸ்மோன் சுரங்கத்துக்குப் போகிற ரோட்டை மறித்தார். எட்டு வருஷத் தண்டனை கொடுத்து அவரை உள்ளே போட்டார்கள்.

"வேற வக்கீல் வேண்டாம் அண்ணி. அப்பீல நான் பாத்துக்கறேன்" என்றான். நம்பினேன்.

இந்தப் பனிக்காலத்தில் பெரிய காரில் வந்து இறங்கினான். நல்ல சேதிதான் என்று நினைத்து, இருந்த ஒரே கொழுத்த ஆட்டை அறுத்தேன்.

"அப்பீல் என்னாச்சுப்பா?"

"போடல அண்ணி. கெடு முடிஞ்சு போச்சு. சுரங்கம் வேணும்னு கட்சி முடிவெடுத்துருச்சு. நான் ஒத்தை ஆளா என்ன பண்ண?"

"அடப்பாவி! உன்னை நம்பித்தானேடா அந்த மனுஷன் உள்ள போனாரு!"

"கத்தாதீங்க. அரசியல் உங்களுக்குப் புரியாது."

கறித்தட்டு வந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கும் முன்பே அவன் கை இடுப்பெலும்புக்கு நீண்டது. பழக்கதோஷம்! தட்டை இழுத்துக்கொண்டேன்.

"அது ஓஸ்மோனோட பங்கு. எந்திரிச்சுப் போடா, துரோகி!"

போய்விட்டான்.

பார்க்க விடும் நாளில் அந்த எலும்பைத் துணியில் சுற்றி ஜெயிலுக்கு எடுத்துப் போனேன். காவலர் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கன்னம் ஒட்டிப்போன ஓஸ்மோன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தெமிர்குல் வந்தானாமே! நம்ம அப்பீலுக்கு அலையுற பிள்ளை. நல்லா கவனிச்சியா? இடுப்பெலும்பு குடுத்தியா?"



"குடுத்தேன்" என்றேன்.